சிரம்பான் – போர்ட்டிக்சன் கிளைத்தடம்: தண்டவாளம் கிடக்கு, ரயில் ஏன் வரல?

செந்தூல்வாசி · 9 ஜூன், இரவு 8.15

சிரம்பான்ல இருந்து போர்ட்டிக்சனுக்குப் போற தடம் 39 கிலோமீட்டர். தண்டவாளம் பெரும்பாலும் தரையிலதான் கிடக்கு, நிலமும் ரயில்வே நிலம். கிழக்குக் கரையில ஓடுற டீசல் ரயில்ல ரெண்டு செட் கொண்டாந்து விட்டா சனி ஞாயிறு கே.எல். (கோலாலம்பூர்) கூட்டம் பூரா ஏறிடும். டோல் கட்டி, தெலுக் கெமாங் கடற்கரையில பார்க்கிங் தேடி அலையுற தொல்லையும் இல்ல. பத்துமலைக்கு ரயில் வந்துச்சே, இதுக்கு ஏன் வரல? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. ஒப்பாரி வேணாம், கணக்கு வேணும்.

வழித்தடம் · 9 ஜூன், இரவு 10.40

கணக்குதானே, எடுத்துக்கொள்ளுங்கள்.

"தண்டவாளம் கிடக்கு" என்பதிலிருந்து தொடங்குவோம். ஓட்டம் நின்ற தடத்தில் கடைசியாகக் கெடுவதுதான் இரும்பு. முதலில் கெடுவது மரச் சிலிப்பர், தண்டவாளத்துக்கு அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை. அதுவும் வெளியில் தெரியாமல் கெடும். ஸ்பைக் ஆணி அடித்த துளையில் மழைத்தண்ணீர் இறங்கி உள்ளேயே தங்கிவிடும். மேலே பார்த்தால் கட்டை கெட்டியாக, வெயிலில் வெளுத்து, நன்றாகத்தான் இருக்கும். ஆணியோரம் ஒரு ஸ்குரூடிரைவரைக் குத்தினால் பிடி வரை இறங்கும். வெளியே இழுத்தால் ஈரக் காப்பித்தூள் மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். ஆணிக்குப் பிடிமானம் போனால் இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே உள்ள 1,000 மில்லிமீட்டர் இடைவெளி விரியும், வளைவில்தான் முதலில். நேர்தடத்தில் பத்துக்கு மூன்று கட்டை செத்திருந்தாலும் மெதுவாக ஓட்டிவிடலாம். வளைவில் அடுத்தடுத்து மூன்று செத்திருந்தால் சக்கரம் உள்ளே விழும்.

ஆகவே பழையதை ஒட்டுப்போடும் பேச்சே கிடையாது, புதிதாகப் போட வேண்டும். கைக்கணக்கு இது:

சிலிப்பர் 600 மில்லிமீட்டருக்கு ஒன்று என்றால் கிலோமீட்டருக்கு 1,667; மொத்தம் 65,000. கான்கிரீட்தான், மரமில்லை.

மீட்டருக்கு 54 கிலோ தண்டவாளம், இரண்டு பக்கமும் சேர்த்து 4,200 டன். கஜத்துக்கு 80 பவுண்டு பழைய ரெயில் மீட்டருக்கு 40 கிலோதான். அதைப் பழைய இரும்புக்குப் போடலாம்.

ஜல்லி, மீட்டருக்கு ஒன்றரை கன மீட்டர் வைத்தால் 58,500 கன மீட்டர். ஏறக்குறைய 93,000 டன். 20 டன் லோரிக்கு 4,700 நடை.

பாலம், கிராசிங், சிக்னல், நிலையம் எதுவும் இதில் சேரவில்லை.

மூன்றாம் பிளாட்பாரம் · 9 ஜூன், இரவு 11.05

4,700 லோரியா! பேசாம அத ரயில்லயே ஏத்திட்டு வரலாம்லா. ஓ, ரயிலுக்குத்தான் தடமே இல்லையே.

வழித்தடம் · 9 ஜூன், இரவு 11.20

கிண்டல் செய்தாலும் முறை அதுதான். சிரம்பான் முனையிலிருந்து வெறும் சிலிப்பரும் தண்டவாளமுமாகக் கொஞ்ச தூரம் போடுவார்கள். அதன் மேலேயே ஜல்லி வேகன் நடை வேகத்தில் வந்து கொட்டும். பின்னால் டாம்பிங் மெஷின் தடத்தைத் தூக்கி, சிலிப்பருக்கு அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்கும். ஒரே மூச்சில் தூக்கினால் அடியில் பொந்து விழும் என்பதால் ஒரு சுற்றுக்கு 50 மில்லிமீட்டர் அளவுதான் தூக்குவார்கள். இரண்டு மூன்று சுற்று ஓடும். இதில் சிக்கல் பாலம்தான். நடுவில் ஒரு பாலம் தயாராகவில்லை என்றால் அதற்கு அப்பால் ஒரு கல்கூடப் போகாது. அதனால் பால வேலைதான் முதலில் ஆரம்பிக்கும், கடைசியில் முடியும்.

கித்தாக்காடு · 10 ஜூன், காலை 7.30

இது சும்மா போட்ட தடம் இல்லைங்க. 1891-ல் திறந்தது. தைப்பிங் – போர்ட் வெல்ட் 1885, கே.எல். – கிள்ளான் 1886, அதற்கு அடுத்த வரிசையில் இது. அந்த நாளில் இது தனியார் கம்பெனித் தடம், சுங்கை ஊஜோங் ரயில்வே என்று பெயர். 1908-ல்தான் கூட்டாட்சி மலாய் மாநில ரயில்வே வாங்கியது. வெள்ளீயத்தைக் கப்பலுக்குக் கொண்டுபோகப் போட்டார்கள், பிறகு கித்தா (ரப்பர்), கடைசியில் எண்ணெய். கம்பிச் சடக்கு (ரயில் பாதை) போட்டதிலும், அதற்குப் பிறகு பராமரிப்புக் கேங்கில் கட்டை மாற்றியதிலும் நம் ஆட்கள் எத்தனை பேர் என்று சொல்லத் தேவையில்லை. இதை எடைக்குப் போடு என்று எப்படிச் சொல்ல முடிகிறது?

வழித்தடம் · 10 ஜூன், காலை 8.10

அண்ணே, பழைய தண்டவாளத்தைத்தான் எடைக்குப் போடலாம் என்றேன், தடத்தை இல்லை. இரண்டும் வேறு.

எண்ணெய் ரயில் ஏன் போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். போர்ட்டிக்சனில் சுத்திகரிப்பு ஆலை இரண்டு. பெட்ரோலும் டீசலும் டேங்கர் வேகனில் இந்த வழியாகத்தான் மேலே ஏறின. 1990-களின் கடைசியில் மலாக்கா, போர்ட்டிக்சன் பக்கமிருந்து டெங்கில் வரை நிலத்தடிக் குழாய் வந்தது. குழாய் இரவு பகல் ஓடும். வேகனைக் கோத்துப் பிரிக்கும் ஷண்டிங் வேண்டாம், காலி வேகனைத் திருப்பி இழுக்க வேண்டாம். அதற்குப் பிறகு இந்தத் தடத்துக்கு மிச்சமிருந்தது துண்டு துணுக்கு வேலைதான். பயணிகள் அதற்கு வெகுகாலம் முன்பே பஸ்ஸுக்குப் போய்விட்டார்கள். சரக்கு இல்லாமல் 39 கிலோமீட்டருக்குப் புல் வெட்டும் செலவை யார் தாங்குவது?

சிக்னல் விளக்கு · 10 ஜூன், மதியம் 1.25

டீசல் ரயில் இரண்டு செட் விட்டால் போதும் என்றாரே தம்பி, நேரத்தைப் பார்த்துவிடுவோம்.

ஒற்றைத் தடம். வழியில் நிற்பதையும் சேர்த்துச் சராசரி 50 கிலோமீட்டர் வேகம் என்றால் ஒரு பக்கத்துக்கு 47 நிமிடம். இரண்டு முனையிலும் ஓட்டுநர் பக்கம் மாற, பிரேக் சோதிக்க, ஆள் ஏற இறங்கப் பத்துப் பத்து நிமிடம். ஒரு சுற்றுக்கு 114 நிமிடம். நடுவில் விலகுதடம் (எதிரெதிர் ரயில் தாண்டிப் போக ஒதுங்கும் தடம்) இல்லையென்றால் ஒரு ரயில்தான் உள்ளே போகலாம். ஆக இரண்டு மணி நேரத்துக்கு ஒரு ரயில். இரண்டாவது செட் ஷெட்டில் நிற்கும்.

ஒரு நாளைக்கு 14 மணி நேரம் ஓட்டினால் ஒரு திசைக்கு 7 நடை. ரயிலுக்கு 200 பேர் என்று தாராளமாக வைத்தாலும் 1,400 பேர். 40 பேர் பஸ் 35 விட்டால் தீர்ந்தது.

இன்னொன்று, கே.எல். சென்ட்ரலிலிருந்து சிரம்பானுக்கு கொமுட்டர் மின்ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி. அங்கே இறங்கி, மாறி, இன்னும் 47 நிமிடம். காத்திருப்பதைச் சேர்த்தால் இரண்டரை மணிக்குக் குறையாது. காரில் ஜாம் இல்லாத நாளில் அதில் பாதிதான்.

செந்தூல்வாசி · 10 ஜூன், மதியம் 1.50

வழியில உள்ள சிலியாவ்ல ஒரு விலகுதடம் போட்டா? மணிக்கு ஒண்ணு கிடைக்கும்ல?

சிக்னல் விளக்கு · 10 ஜூன், மதியம் 2.15

கிடைக்கும், ஆனால் இடத்தை மேப்பில் அளந்து முடிவு பண்ணக் கூடாது. விலகுதடம் தூரத்தில் நடுவில் இருக்க வேண்டியதில்லை. நேரத்தில் நடுவில் இருக்க வேண்டும். ஒரு பக்கம் வளைவு அதிகமாகி வேகம் குறைந்தால் விலகுதடம் அந்தப் பக்கமாக நகர வேண்டும். ஐந்து நிமிடம் தள்ளிப் போட்டால் ஒவ்வொரு சந்திப்பிலும் ஒரு ரயில் பத்து நிமிடம் சும்மா நிற்கும், நாள் பூராவும்.

நீளம்: மூன்று பெட்டி ரயிலுக்கு 150 மீட்டர் போதும். பிறகு என்றாவது சரக்கு வரும் என்று நினைத்தால் 400-க்கு மேல் வேண்டும். முதலிலேயே நீளமாக மண் சமன்படுத்தி, தண்டவாளத்தை மட்டும் பாதிக்குப் போட்டு வைக்கலாம். இரண்டு முனையிலும் தடம் பிரிக்கும் பாயிண்ட், அதற்கு மோட்டார், சிக்னல், தகவல் கேபிள். கேபிளைத் தரைக்கு மேல் விட்டால் செம்பு திருடன் ஒரு வாரம்கூட விட்டுவைக்க மாட்டான். கண்ணாடி இழைதான் போட வேண்டும், அதிலும் "செம்பு இல்லை" என்று போர்டு எழுதி.

மூன்றாம் பிளாட்பாரம் · 10 ஜூன், மாலை 6.40

திருடன் போர்டு படிக்கிற ஆளா? வெட்டிப் பாத்துட்டுதான் நம்புவான்.

வழித்தடம் · 10 ஜூன், இரவு 9.55

சிலிப்பர், ஜல்லி, சிக்னல் எல்லாம் காசு கொடுத்தால் வரும். எனக்கு உதறுவது கல்வர்ட்தான், கரைக்கு அடியில் தண்ணீர் கடக்கும் குழாய்.

தடம் ஓடும்போது மழைக்காலத்துக்கு முன் கேங் ஆட்கள் ஒவ்வொரு கல்வர்ட் வாயையும் சுரண்டிவிடுவார்கள். ஓட்டம் நின்றதும் முதலில் நிற்பது அந்த வேலை. செம்பனை மட்டை, பிளாஸ்டிக், மண் எல்லாம் வாயில் சேரும். அடுத்த பெருமழையில் தண்ணீர் போக வழியில்லாமல் கரையின் மேல்பக்கம் குளமாக நிற்கும். கரை என்பது மண்தான். ஊறி, கால் இளகி, கீழ்ப்பக்கம் சரியும். அப்போது தண்டவாளமும் சிலிப்பரும் அந்தரத்தில் ஏணியாகத் தொங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்குத் தடம் முழுசாக இருப்பதாகத் தெரியும். தண்டவாளம் கிடக்கு என்ற பேச்சை நான் நம்பாததற்கு இதுதான் காரணம்.

சோதிக்கும் முறை எளிது. இரண்டு பக்க வாயையும் பாருங்கள். மேல்வாயில் புல் சாய்ந்த உயரம் குழாயின் மேல்விளிம்புக்கு மேலே இருந்தால் தண்ணீர் தேங்கியிருக்கிறது. கீழ்வாயில் குழாயைச் சுற்றி மண் பறிந்திருந்தால் குழாய்க்கு வெளியே, மண்ணுக்குள் தண்ணீர் ஓடுவதாக இருக்கலாம். இரண்டாவதுதான் ஆபத்து.

வழித்தடம் · 10 ஜூன், இரவு 10.20

லெவல் கிராசிங்கை மறந்துவிட்டோம். சாலைக்குத் தார் போடும்போதெல்லாம் 50 மில்லிமீட்டர் ஏறும். ரயில் வராத இடத்தில் காண்டிராக்டர் தண்டவாளத்தைச் சுற்றி வெட்ட மாட்டார், மேலேயே இழுத்துவிடுவார். இரண்டு முறை போட்டால் தண்டவாளத் தலை மறைந்துவிடும். தாரில் நேர்கோட்டில் இரண்டு விரிசல் மட்டும் தெரியும், அதற்குக் கீழேதான் ரயில். மறுபடி திறக்க வேண்டுமென்றால் சாலையை மூடி, தோண்டி, சக்கர விளிம்பு ஓடுவதற்கு உள்பக்கம் பள்ளம் விட்டு, சக்கரம் விலகாமல் காக்கும் செக் ரெயில் போட்டு, சாலை மட்டத்தையும் இரண்டு பக்கமும் சரிவாகத் திருத்த வேண்டும். அதற்கும் மேல் தடுப்புக்கட்டை, மணி, விளக்கு. இப்போது மின்தடத்தில் எல்லாம் மேம்பாலம்தான். புதிதாக ஒரு கிராசிங்குக்கு அனுமதி வாங்குவது குதிரைக்கொம்பு.

கித்தாக்காடு · 11 ஜூன், காலை 7.15

அப்படியென்றால் பத்துமலை எப்படி வந்தது? அதுவும் 1905-ல் சுண்ணாம்புக்கல் ஏற்றப் போட்ட கிளைதானே? அதிலும் இதே கட்டை, இதே கல்வர்ட்.

வழித்தடம் · 11 ஜூன், காலை 8.30

நல்ல கேள்வி அண்ணே. பழைய தண்டவாளத்தை வைத்து வரவில்லை. எல்லாவற்றையும் பெயர்த்து, இரட்டைத் தடமாக்கி, 25 கிலோவோல்ட் கம்பி இழுத்து, 2010-ல் திறந்தார்கள். பழைய தடத்திலிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ஒன்றே ஒன்று: நகரத்துக்கு நடுவே அறுபடாமல் கிடந்த நிலப்பட்டை. அது இல்லையென்றால் பத்து கெண்டோன்மென், கம்போங் பத்து, தாமான் வஹ்யு பக்கம் வீடு இடிக்காமல் ஓர் அடி நகர்ந்திருக்க முடியாது. மேலும் கே.எல். சென்ட்ரலில் ஏறியவர் மாறாமலேயே பத்துமலையில் இறங்கலாம். தைப்பூசத்துக்கு விடிய விடிய ஓட்டுகிறார்கள். வாரநாளில் வேலைக்குப் போகிறவர்களும் ஏறுகிறார்கள். 2022-லிருந்து கம்போங் பத்துவில் எம்ஆர்டி நகர ரயிலும் சேர்ந்துவிட்டது.

அம்பாங் கிளையும் அப்படித்தான். 1996-ல் அதே நிலப்பட்டையில் எல்ஆர்டி இலகு ரயில் வந்தது. தண்டவாள அகலம்கூட 1,000 இல்லை, 1,435. மின்சாரம் மேலே இல்லை, பக்கத்து மூன்றாம் தண்டவாளத்தில். பழைய இரும்பில் ஒரு ஆணிகூட மிச்சமில்லை.

இதற்கு நேர்மாறு தம்பின் – மலாக்கா. சயாம் மரண ரயில் போட ஜப்பான்காரன் அந்தத் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போனான். போர் முடிந்த பிறகு இரும்பு வாங்க முடியாமலா போயிற்று? போட ஆளில்லை, கொஞ்சம் கொஞ்சமாக நிலப்பட்டையும் கரைந்தது. மலாக்கா ஊருக்குள் இன்றுவரை ரயில் கிடையாது.

செந்தூல்வாசி · 11 ஜூன், மதியம் 12.40

அப்ப மின்தடமாவே போட்டா சரியாப் போயிடுமா? கே.எல்.ல ஏறி போர்ட்டிக்சன்ல இறங்குற மாதிரி?

சிக்னல் விளக்கு · 11 ஜூன், மதியம் 1.10

சுபாங் விமான நிலையத்துக்கு ஓடிய ஸ்கைபார்க் கிளையைப் பாருங்கள் தம்பி. தடம் இருந்தது, கம்பி இருந்தது, புது நிலையம் இருந்தது, கே.எல். சென்ட்ரலிலிருந்து மாறாமல் போகலாம். 2018 மே மாதம் ஆரம்பித்து 2023 பிப்ரவரியில் நிறுத்தினார்கள். ஏற ஆளில்லை. விமானத்துக்குப் போகிறவன் அடுத்த ரயிலுக்கு ஒரு மணி காத்திருப்பானா? கிராப் வாடகைக் காரில் ஏறிவிடுவான். 2024 ஆகஸ்டில் சுபாங்கில் ஜெட் விமானம் மறுபடி இறங்க ஆரம்பித்தது, இனி கதை மாறலாம். ஆனால் அங்கே இடைவெளியை 20 நிமிடமாக்காமல் திறந்தால் பழைய கதைதான்.

போர்ட்டிக்சனுக்கும் அதே நோய். நிலையம் ஊருக்குள். ஜனம் குளிக்கப் போவது ஏழாவது எட்டாவது மைலில், தெலுக் கெமாங் பக்கம். குடையும் ஐஸ்பெட்டியும் பிள்ளைகளுமாக இறங்கிய குடும்பத்தை அங்கே கொண்டுபோய் விடுவது யார்? ரயில் நேரத்துக்குக் கடலோரப் பஸ் இணைந்து ஓடாவிட்டால் முதல் மாதம் வேடிக்கை பார்க்க வருவார்கள், இரண்டாவது மாதம் கார்தான்.

மூன்றாம் பிளாட்பாரம் · 11 ஜூன், மாலை 7.00

அப்ப சைக்கிள் பாதை போட்டுடலாம். சிங்கப்பூர்ல கேடிஎம் (மலாயா ரயில்வே) நிலத்துல போட்டாங்களே.

வழித்தடம் · 11 ஜூன், இரவு 10.15

அதையும் கணக்குப் பார்த்துவிடலாம். சிங்கப்பூரில் தஞ்சோங் பகார் நிலையத்திலிருந்து 2011 ஜூன் 30-ல் கடைசி ரயில். மறுநாள் நிலம் கைமாறியது. தண்டவாளத்தைப் பெயர்த்து மலேசியாவுக்கு அனுப்பினார்கள். 24 கிலோமீட்டர் பட்டையைத் துண்டாக்கி விற்காமல் அப்படியே வைத்தார்கள், புக்கிட் தீமா இரும்புப் பாலங்களையும் இடிக்கவில்லை.

நம் 39 கிலோமீட்டருக்கு 3 மீட்டர் அகலம், 150 மில்லிமீட்டர் கிரஷர் ரன் (பொடி கலந்த உடைகல்) போட்டால் 17,550 கன மீட்டர். ஜல்லியை அள்ளக் கூடாது. மேலாக வழித்து, ரோலர் விட்டு, அதன் மேலேயே போட வேண்டும். அடியில் வடிகால் அதுதான். பாதைக்கு ஒரு பக்கம் இரண்டு சதவீதச் சரிவு. பாலத்தில் கைப்பிடி 1.4 மீட்டர், நடக்கிறவருக்குப் போதும் உயரம் சைக்கிள்காரருக்குப் போதாது. பாலத்தின் பழைய கர்டரில் (இரும்பு உத்திரம்) சிலிப்பர் உட்கார்ந்த இடத்தில்தான் துரு மறைந்திருக்கும். கட்டையைத் தூக்கிவிட்டுத் தட்டிப் பார்க்காமல் மேலே பலகை அடித்தால், துருவுக்கு மூடி போட்ட மாதிரி ஆகிவிடும்.

கெடுவது எங்கே? கப்சாய், அதாவது சின்ன மோட்டார்சைக்கிள். கார் நுழையாமல் கம்பம் நடுவார்கள், ஒன்றரை மீட்டர் இடைவெளி. மோட்டார்சைக்கிள் அதில் தாராளமாகப் போகும். கம்பத்தை நெருக்கினால் சக்கர நாற்காலி போகாது. கப்சாயைத் தடுத்த பாதையை நான் இதுவரை கேள்விப்படவில்லை. பிறகு நிழல். பகல் பதினொரு மணி வெயிலில் மரமில்லாத பாதைக்கு எவன் வருவான்? கரையோரம் மரம் வைத்தால் வேர் கல்வர்ட்டுக்குள் போகும், கரைச் சரிவுக்குக் கீழே வைக்க வேண்டும்.

கித்தாக்காடு · 12 ஜூன், காலை 7.40

இன்னொரு விஷயம் யாரும் தொடவில்லை. தடத்தோரக் கோயில்கள். ரயில்வே வரிசை வீடுகள் இருந்த பல இடங்களில் பக்கத்திலேயே ஒரு முனீஸ்வரரோ காளியம்மனோ உண்டு. வீடு போய்விடும், கோயில் நிற்கும். தடம் வந்தாலும் சிக்கல், பாதை வந்தாலும் சிக்கல். கமிட்டிக்காரர்கள் என்ன செய்ய வேண்டும்?

வழித்தடம் · 12 ஜூன், காலை 9.05

கமிட்டிக்காரர்கள் முதலில் நிறுத்த வேண்டியது "நூறு வருஷமாக இருக்கிறோம், நிலம் எங்களுக்குத்தான்" என்ற நம்பிக்கையை. 1965 தேசிய நிலச் சட்டத்தில் அனுபவப் பாத்தியம் கிடையாது. எத்தனை வருஷம் இருந்தாலும் பட்டா தானாக வராது.

செய்ய வேண்டியது: லாட் (மனை) எண்ணைக் கண்டுபிடித்து மாவட்ட நில அலுவலகத்தில் சாரியான் ரஸ்மி (அதிகாரபூர்வ நிலப் பதிவுத் தேடல்) எடுங்கள். நிலம் யார் பெயரில் என்று அதில் வரும். 1992-ல் கேடிஎம் கம்பெனியானபோது ரயில்வே சொத்து பெர்படானான் அசெட் கெரெத்தாபிக்கு (ரயில்வே சொத்துக் கழகம்) போனது. கேடிஎம் ஓட்டுகிற நிறுவனம் மட்டுமே. ஸ்டேஷன் மாஸ்டரிடம் மனு கொடுத்துப் பலனில்லை. அசெட் கெரெத்தாபி பெயர் வந்தால் அவர்களிடம்தான் எழுத்தில் குத்தகை கேட்க வேண்டும். சர்வேயரை வைத்துக் கருவறை, மண்டபம், கொட்டகை தனித்தனியாக அளந்து, தண்டவாள நடுக்கோட்டிலிருந்து எத்தனை மீட்டர் என்று வரைபடம் போடுங்கள். பெரும்பாலும் கருவறை தள்ளித்தான் இருக்கும்; பிறகு இழுத்த தகரக் கொட்டகைதான் தடத்துக்கு வந்திருக்கும். அதை முன்கூட்டியே நீங்களே பின்னுக்கு இழுத்தால் பேச்சுவார்த்தை எளிது.

சிக்னல் விளக்கு · 12 ஜூன், மதியம் 1.30

இரவெல்லாம் யோசித்ததில் என் பஸ் கணக்கில் ஒன்று சேர்க்க வேண்டும். 35 பஸ் என்றது இன்றைய ஜனத்துக்கு. சிரம்பான் முனையில் முதல் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர், மாம்பாவ் பக்கம், தாமான் (குடியிருப்பு) பெருகிக்கொண்டே போகிறது. முழு 39-ஐ விட்டுவிட்டு அந்தத் துண்டை மட்டும் மின்தடமாக்கி கொமுட்டரை நீட்டினால்? 12 கிலோமீட்டர், 15 நிமிடம். திரும்பும் நேரம் சேர்த்து ஒற்றைத் தடத்திலேயே 50 நிமிடத்துக்கு ஒன்று. நடுவில் ஒரு விலகுதடம் போட்டால் 25. கடற்கரைக்கு இது உதவாது. வேலைக்குப் போகிறவனுக்கு உதவும்.

வழித்தடம் · 12 ஜூன், மதியம் 2.00

இதுதான் நடக்கக்கூடிய ஒன்று. ஆனால் மீதி 27 கிலோமீட்டரை "இனித் தேவையில்லை" என்று எழுதிவிடுவார்கள். அங்கே ஒரு தாமானுக்குச் சாலை வேண்டும் என்று குறுக்கே 20 மீட்டர் கொடுத்தால் போதும், பட்டை இரண்டாகும். அப்புறம் அது வெறும் நீட்டு நிலம், கடை கட்டத்தான் ஆகும். பன்னிரண்டு கிலோமீட்டருக்கு ரயில், மீதிக்குச் சைக்கிள் பாதை, முழுசும் ஒரே ரிசர்வ் (ரயில்வேக்கு ஒதுக்கிய நிலம்), குறுக்குச் சாலை எல்லாம் மேலே அல்லது கீழே. அப்படி எழுத்தில் வந்தால் நான் சைக்கிள் பாதைக்கும் கைதூக்குவேன்.

செந்தூல்வாசி · 12 ஜூன், இரவு 9.20

சரி. ரயில் விடுங்கன்னு எழுத இருந்தேன். இப்ப நிலத்தைத் துண்டாக்காதீங்கன்னு எழுதணும் போல. மனுவுல என்ன சேர்க்கட்டும்?

வழித்தடம் · 12 ஜூன், இரவு 10.05

மூன்று போதும். ஒன்று, எந்தெந்தக் குறுக்குச் சாலையில் தார் தண்டவாளத்தை மூடியிருக்கிறது, படத்தோடு, இடக்குறியோடு. இரண்டு, வாயடைத்த கல்வர்ட். இதைச் சரிசெய்யக் காசு குறைவு, மனுவில் முதலில் நிறைவேறக்கூடியது இதுதான். மூன்று, ரிசர்வுக்குள் வேலியோ கட்டடமோ வந்த லாட் எண்கள், சாரியான் நகலோடு. வரலாறு ஒரு பத்திக்கு மேல் வேண்டாம், அதை அண்ணன் எழுதிக் கொடுப்பார்.

படம் எடுக்கக் குறுக்குச் சாலையில் நின்றே எடுங்கள். உள்ளே இறங்கி நடக்காதீர்கள். ஓட்டமில்லாவிட்டாலும் ரயில்வே நிலம் ரயில்வே நிலம்தான். புதரில் மூடிய கல்வர்ட் வாய் காலுக்குக் கீழே எங்கே இருக்கிறது என்று தெரியாது.